குட்டித் தாழியைக் கழுவ வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. கனகராயன்குளம் என்ற ஊருக்கு உள்ளே, காடு வெட்டிப் புதிதாகக் குடியேறிய காணியில், 1961 ஆவணியில், அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

கமலாசனியின் காணியில் வாய்க்கால் வெட்டும்போது மண்தாழிகள் கிளம்பின. பழங்காலத்தில் இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்தவை. பெரியவர்களுக்குப் பெரிய தாழி, பிள்ளைகளுக்குக் குட்டித் தாழி. பல்கலைக்கழகத்திலிருந்து பரமலிங்கம் சேர் மாணவர்களோடு வந்து இறங்கினார். "இது உங்கட சொத்து. நீங்களும் சேர்ந்துதான் காப்பாத்த வேணும்," என்றார். ஆண்கள் மண் அள்ளினார்கள். பெண்கள் கிணற்றடியில் குந்தியிருந்து, உடைந்த ஓடுகளைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவிச் சாக்கில் காயப்போட்டார்கள். ஊர்க்கதைக்கும் குறைவில்லை.

கமலாசனிக்குப் பாதிக் கவனம்தான் வேலையில். மற்றப் பாதி பாலை மரத்தில் சேலையால் கட்டிய ஏணையில் கிடந்தது. வருஷக்கணக்காக விரதமிருந்து பெற்ற பிள்ளை. அது ஒரு தும்மல் தும்மினாலே இவளுக்கு உயிர் போய் வரும்.

ஒரு மத்தியானம் புதிதாக ஒரு பெண் வந்து குந்தினாள். சேலை முழுக்கச் செம்மண். யாரோடும் கதையில்லை. மூன்றாம் வாய்க்கால் பக்கத்து ஆள் என்று கமலாசனி நினைத்தாள். அயல்காணிப் பத்மாசனியோ, கமலாசனியின் சொந்தக்காரி என்று நினைத்தாள். யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள். யாருக்கு யாரைத் தெரியும்?

அவள் ஒரு குட்டித் தாழியின் ஓடுகளை மட்டுமே எடுத்தாள். கழுவிக் கழுவிப் பொருத்தி வைத்தாள். ஒரு துண்டுகூடப் பிசகவில்லை...

கொதிக்கிற வெயில். மற்ற ஓடெல்லாம் காய்ந்துவிட்டது. அவள் கழுவியது மட்டும் ஈரமாகவே இருந்தது...

கமலாசனி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். பின்னால் ஒரு சத்தம்.

கிறீச்... கிறீச்...

ஏணைக் கயிறு.

திரும்பினாள். அந்தப் பெண் ஏணைச் சேலையை விலக்கிக் குனிந்து நின்றாள். விரல்களை விரித்து, பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"ஆர் நீ? என்ர பிள்ளையை விடு."

அவள் நிமிர்ந்தாள்.

"அளவு சரி."

கமலாசனி ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண்ணைக் காணவில்லை. பிள்ளையின் நெற்றியில் செம்மண்...

"ஆரக்கா அது?" என்றாள் பத்மாசனி. "உங்கட ஆளெண்டெல்லோ நினைச்சனான்."

"ஆரோ வழிதப்பி வந்த பைத்தியமாக்கும்," என்றான் கணவன் கனகலிங்கம். கமலாசனி அதன்பின் பிள்ளையைக் கீழே விடவில்லை. மடியில் போட்டபடியே சமைத்தாள், மடியில் போட்டபடியே தூங்கினாள்.

ஒரு மாதம் கழித்துச் சேர் லொறியில் வந்தார். அவர் கையில் அந்தக் குட்டித் தாழி, ஒட்டிச் சரிசெய்தபடி. ஊரில் கிடைத்ததில் ஒன்றாவது ஊரிலேயே இருக்கவேண்டும் என்று எல்லோரும் கேட்டிருந்தார்களாம்.

"உங்கட காணியில வந்தது. உங்கட வீட்டிலயே வைக்கச் சொல்லி எல்லாரும் சொல்லினம்."

கமலாசனி தாழியைக் கைநீட்டி வாங்கவில்லை. "இதுக்க இருந்த பிள்ளையின்ர எலும்பை என்ன செய்தனீங்கள் சேர்?"

"அதுதான் விளங்காத புதினம். மற்ற எல்லாத் தாழியிலயும் எலும்பு இருந்தது. இதுக்க மட்டும் ஒண்டுமில்லை. வெறுந்தாழியாத்தான் மண்ணுக்க தாட்டிருக்கினம்."

வயல் விளைந்து கிடந்தது. கமலாசனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குப் பின்னேர பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் போய்விட்டாள். வீட்டுக் கதவைக்கூடச் சாத்தவில்லை.