கடல் இல்லாத நாட்டில் என் தம்பி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒரு நவம்பர் மாதம். அப்போது நானும் கணவரும் ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவேன். மாலையில் வந்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் மாலைப்பொழுது இப்படித்தான் போனது. ஒருவருடைய தம்பி பாங்கொக்கில் நிற்பான், இன்னொருவருடைய மருமகன் மொஸ்கோவில் நிற்பான். கனடாவுக்கு ஆள் ஏற்றுகிற ஏஜென்ட் “அடுத்த கிழமை” என்பான். அந்தக் கிழமை வரவே வராது.

என் தம்பி நின்ற இடம் பரகுவே. அப்படி ஒரு நாடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கணவர்தான் நூலகத்தில் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, தென்னமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கிறது, சுற்றிவர வேறு நாடுகள், எந்தப் பக்கமும் கடல் இல்லை என்று சொன்னார். கடலைப் பார்த்தபடி பிறந்து வளர்ந்த பிள்ளையைக் கொண்டுபோய் விட அந்த ஏஜென்டுக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

ஆரம்பத்தில் கிழமைக்கு ஒருமுறை ரெலிபோன் எடுப்பான். “அக்கா, இஞ்ச எல்லாம் ஆத்துமீன்தான். வாயிலை வைக்கேலாது” என்று சிரிப்பான். ஒரு சின்ன ஊரில், ரேந்தை, அதாவது லேஸ், பின்னி விற்கிற ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருந்தான். பக்கத்து அறையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதி. மூன்று பேருக்கும் ஒரே ஏஜென்ட், ஒரே நாட்டின் போலிப் பாஸ்போர்ட். அதில் இருந்த பெயரையும் ஊரையும் பாடமாக்கிச் சொல்லவேண்டும் என்று கட்டளை. “நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பேரைத்தான் சொல்லுவன் அக்கா” என்று பெருமையடித்தான்.

பிறகு அவனுடைய அழைப்பு நின்றுபோனது. சில கிழமைகள் கழித்து அந்த மன்னார்க்காரர் எடுத்தார்.

“அக்கா, தம்பிக்குக் காய்ச்சல். கொஞ்சம் கடுமைதான். நீங்கள் ஒருக்கா வந்திட்டுப் போனால் நல்லம்.”

“அவனிட்டைக் குடுங்கோ, நான் கதைக்கிறன்.”

“படுத்திருக்கிறார் அக்கா.”

எங்கள் ஆட்கள் ரெலிபோனில் சாவைச் சொல்லமாட்டார்கள். ‘சுகமில்லை’ என்பார்கள், ‘கடுமை’ என்பார்கள், ‘ஒருக்கா வாங்கோ’ என்பார்கள். நானே இரண்டு வீடுகளுக்கு அப்படிப் பூசி மெழுகிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தனக்கென்று வரும்போது மூளை வேலை செய்வதில்லை. காய்ச்சல் என்றார், காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டேன்.

கணவருக்கு அப்போது கனடாவில் பேப்பர் சரிவரவில்லை. குடியுரிமை எனக்குத்தான் இருந்தது. ஆகவே நான்தான் கிளம்பினேன். மருந்துக் குளிசைகள், கொத்தமல்லி, கோவிலில் வாங்கிய விபூதி எல்லாம் பையில் வைத்தேன். கூடவே தொப்பி வைத்த நீலக் குளிர் ஜக்கெட் ஒன்றும் வாங்கினேன். எப்படியாவது அவனைக் கனடாவுக்கு ஏற்றிவிடுவார்கள், இறங்கும்போது குளிருமே என்று நினைத்தேன். பெட்டிக்குள் அது அடங்கவில்லை. கையிலேயே தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு விமானம் மாறி இறங்கினால் அங்கே நெருப்பு வெயில். செம்மண். பஸ்ஸில் என்னைத் தவிர வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. மடியில் ஜக்கெட்டோடு உட்கார்ந்திருந்த என்னை எல்லாரும் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண், ஒரு கொம்புக் குவளையில் ஏதோ இலை போட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சிவிட்டு என்னிடம் நீட்டினாள். அங்கே ஒரே குவளை, ஒரே குழாய், எல்லாரும் மாறி மாறிக் குடிப்பார்கள். பிறர் எச்சில் என்று நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். அவள் கோபிக்கவில்லை, பின்னால் இருந்தவருக்குக் கொடுத்தாள்.

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முன் விறாந்தையில் மரச்சட்டங்களில் துணியை இழுத்துக் கட்டி, சிலந்தி வலைபோல ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். பருத்த உடம்பு, வாயில் சுருட்டு. என்னைக் கண்டதும் சுருட்டை எடுத்துக் கீழே வைத்தார். மன்னார்க்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். ஏழெட்டு மாத வயிறு. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கையில் இருந்த ஜக்கெட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் ஜக்கெட் வாங்கிய அன்றே தம்பி மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

நான் குழறி அழுததை இங்கே எழுத விரும்பவில்லை. கொஞ்சம் அடங்கிய பிறகு மன்னார்க்காரர் நடந்ததைச் சொன்னார். காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று எல்லாரும் கேட்டும் அவன் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான்.

“‘அங்கை பாஸ்போர்ட் கேப்பாங்கள். என்ரை பிடிபட்டால் உங்கடையும் பிடிபடும். திருப்பி அனுப்பினால் அக்கா இந்த வயித்தோடை கொழும்பு மறியலிலை கம்பி எண்ணுறதே?’ எண்டு எங்களைத்தான் பேசினவர்” என்றார் அவர். மூத்தவர் என்ற மரியாதையில் தம்பி அந்தப் பெண்ணையும் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

கடைசியில் நினைவு தப்பியதும் வீட்டுக்காரம்மா ஒரு லொறியை மறித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிந்திவிட்டது. அங்கே நினைவு தெளிந்த சில நிமிடங்களில் பெயர் கேட்டார்களாம். பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைத்தான் சொன்னானாம். பாடமாக்கியதை அவன் பிசகாமல் ஒப்புவித்துவிட்டான். அந்தப் பெயரிலேயே புதைத்துவிட்டார்கள்.

ஏனடா தம்பி, உனக்கு இவ்வளவு மூளை என்று எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது. அந்தத் தம்பதிமேலும் வந்தது. பொய் சொல்வானேன், அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்க்கவே பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் காலை பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன ஊரில் என்னைப்போல ஒருத்தி வந்திறங்கினால் செய்தி ஓடாமல் இருக்குமா? அவர் கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். என் கனடாப் பாஸ்போர்ட்டை வாங்கி, பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் பைக்குள் இருந்து இரண்டு பொருட்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று தம்பியின் போலிப் பாஸ்போர்ட். மற்றது ஒரு கறுப்பு நூல், அதில் கோர்த்த சிறிய வெள்ளி வேல். அவன் புறப்பட்டபோது அம்மா கழுத்தில் கட்டிவிட்டது.

எங்களுக்குள் மொழிபெயர்த்தவர், அந்த ஊர்ப் பாஷையைக் கொஞ்சம் பழகியிருந்த மன்னார்க்காரர்தான். தன் தலைமேல் தொங்கும் கத்தியைப் பற்றித் தானே மொழிபெயர்க்கவேண்டிய நிலை.

“இந்தப் பாஸ்போர்ட்டிலை தனக்குச் சந்தேகமாம். செத்தவர் வேறை நாட்டு ஆளாக இருக்கலாமாம். நீங்கள் சொந்தக்காரர் எண்டால் சொல்லட்டாம். சரியான பேரைச் சிலுவையிலை எழுதுவிப்பாராம், இந்தச் சாமானும் உங்களுக்குத்தானாம்.” ஒருமுறை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஆனால் பாஸ்போர்ட் பொய்யெண்டால், அவரோடை வந்த எங்களையும் விசாரிக்க வேணுமாம்.”

அவருடைய மனைவி அறை வாசலில் நின்றார். அதிகாரி பாஸ்போர்ட்டில் இருந்த தம்பியின் படத்தை என் பக்கம் திருப்பி ஏதோ கேட்டார்.

“இவர் உங்களுக்கு என்ன முறை எண்டு கேக்கிறார்” என்றார் மன்னார்க்காரர். பிறகு அதே குரலில், அதிகாரிக்குச் சந்தேகம் வராதபடி, “அக்கா, நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட தம்பி. அவரின்ரை பேர் இந்த மண்ணிலை இருக்கவேணும். நாங்கள் பட்டதைப் படுறம்” என்றார்.

அந்த மனிதர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். கறுப்பு நூலையும் வெள்ளி வேலையும் பார்த்தேன். கையை நீட்டினால் எட்டும். இவ்வளவு தூரம் வந்து அவன் முகத்தையும் பார்க்கவில்லை, இதையாவது கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுக்கலாம். ஆனால் நான் இப்போது தம்பி என்று சொன்னால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கிடந்ததற்கு என்ன அர்த்தம்? ஒன்றுக்குமில்லாமல் செத்ததாகிவிடுமே.

“நோ” என்றேன். “ஆரெண்டு தெரியாது.”

அதிகாரி நம்பவில்லை. முகம் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். “அவருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிவம் எண்டு சொல்லுங்கோ” என்றேன். எங்கிருந்து அந்தத் துடுக்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அப்படியென்றால் இந்த ஊருக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார். 

அப்போது வீட்டுக்காரம்மா எழுந்து வந்தார். கை நிறைய ரேந்தைத் துணிகள். அவற்றை மேசையில், அந்தப் பாஸ்போர்ட்டுக்கும் வேலுக்கும் மேலேயே பரப்பிவிட்டு அதிகாரியிடம் படபடவென்று பேசினார். நான் கனடாவில் கடை வைத்திருப்பவளாம், ரேந்தை வாங்க வந்திருக்கிறேனாம், இவர் வந்து வியாபாரத்தைக் கெடுக்கிறாராம். மன்னார்க்காரர் மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார். வீட்டுக்காரம்மா ஒரு துணியைத் தூக்கி விரித்து விரல்களால் விலை காட்டினார்.

நான் பேரம் பேசினேன். தம்பியின் படம் அந்தத் துணிகளுக்குக் கீழே கிடக்க, கூடுதல் விலை என்று உதட்டைப் பிதுக்கினேன். பின்னல் சரியில்லை என்று குறை சொன்னேன். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு கோபித்தார். நான் எழுந்து போவதுபோலப் பாவனை செய்தேன், அவர் கையைப் பிடித்து இருத்தினார். அந்தப் பிடி மட்டும் நடிப்பில்லை. எலும்பு நோக இறுக்கிப் பிடித்திருந்தார். அழுதுவிடாதே என்று அந்தக் கை சொன்னது.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் எழுந்தார். துணிகளை விலக்கி இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அம்மாவின் வேல் அந்தப் பையோடு போனது. அதை நான் திரும்பக் காணவேயில்லை.

அவர் போனதும் மன்னார்க்காரரின் மனைவி வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வயிற்றோடு உட்காரவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன். வீட்டுக்காரம்மா அதே இலைத்தண்ணீரைக் குவளையில் ஊற்றி, தான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னிடம் தந்தார். அந்தக் குழாயை அப்படியே வாயில் வைத்துக் குடித்தேன். கசப்புத்தான், ஆனால் முழுவதையும் குடித்தேன்.

மத்தியான வெயிலில் ஊர் முழுக்கக் கதவடைத்துத் தூங்கும். அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா என்னைச் சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தம்பதியை வரவேண்டாம் என்றுவிட்டார். அந்த மாதத் தொடக்கத்தில் இறந்தவர்களுக்கான நாள் வந்து போயிருந்ததால் கல்லறைகளில் கடதாசிப் பூக்கள் இன்னும் இருந்தன. தம்பியின் மண்மேட்டிலும் இருந்தன. சிலுவைக்கு ரேந்தை வைத்த வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது. அங்கே சொந்தக்காரர்தான் அப்படிப் போர்த்துவார்களாம். அதன் கீழே யாரோ ஒருவனுடைய பெயர்.

வீட்டுக்காரம்மா அந்தப் பெயரைத் தொட்டு, இல்லை என்பதுபோல விரலை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து என் தம்பியின் பெயரைச் சொன்னேன். சுற்றிவர ஒரு மனிதரும் இல்லை, சத்தமாகவே சொல்லியிருக்கலாம். ஆனாலும் இரகசியமாகத்தான் வந்தது. அவர் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்து, சரிவந்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து முழுவதையும் அந்த மண்ணில் கொட்டினேன். நீல ஜக்கெட்டை மன்னார்க்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி, கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்திருந்த அம்மாவுக்கு எடுத்தேன். “அம்மா, தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லை” என்று தொடங்கினேன். அம்மாவுக்கு அந்தப் பாஷை என்னைவிட நன்றாகத் தெரியும். “எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் கோவிலுக்குப் போனோம். பழைய களஞ்சியசாலை ஒன்றைத்தான் அப்போது கோவிலாக வைத்திருந்தார்கள். மோட்ச அருச்சனை செய்யவேண்டும் என்றோம். ஐயர் அவசரத்தில் இருந்தார். பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். இரண்டையும் கணவர் சொன்னார். பிறகு ஐயர் என் பக்கம் திரும்பி, எல்லாரிடமும் கேட்பதுபோல, “காலமானவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

“தம்பி” என்றேன். அவருக்குக் கேட்டுவிட்டது. என்றாலும் என்னால் நிறுத்த முடியவில்லை. “என்ர தம்பி. கூடப்பிறந்த தம்பி. நான் தூக்கி வளர்த்த என்ர தம்பி” என்று அந்த மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அந்தத் தம்பதி அடுத்த வருடமே கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். இப்போது ஒஷாவாவில் இருக்கிறார்கள். மகள் வளர்ந்துவிட்டாள், என்னைப் பெரியம்மா என்பாள். நானும் அஜக்ஸுக்கு வந்து கனகாலம். அன்று பேரம் பேசிய ரேந்தைத் துணி என் வீட்டு மேசையில் விரித்திருக்கிறது. வருகிறவர்கள் விலை கேட்பார்கள், நானும் ஏதோ ஒரு விலை சொல்வேன். ஆனால் யாராவது சும்மா பேச்சுக்கு, “உங்களுக்குக் கூடப்பிறந்தவை எத்தினை பேர்?” என்று கேட்டால், இத்தனை வருடங்களுக்குப் பிறகும், பதில் சொல்லுமுன் அந்த மேசைக்கு அப்பால் ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.