புளித்த சோளத்தை மென்றவர்

நறுக்கிய சோளச்செடியை மாட்டுக்காகப் புளிக்கவைக்கும் குழியைப் பிளாஸ்டிக்கால் மூடி, மேலே டயர்களைப் பாரமாக வைப்பார்கள். மெல்பேர்ணுக்கு வெளியே அப்படியொரு பண்ணைக்குப் பழைய டயர் ஏற்றிப் போனேன். அங்கே பொறுப்பாக நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒட்டிய கன்னம், நகமெல்லாம் கறுப்பு. பிளாஸ்டிக்கைத் தூக்கினார். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினேன். அவரோ ஒரு பிடி அள்ளி, மணந்து பார்த்து, வாயில் போட்டு மென்று துப்பினார்.

“சீ! என்னண்ணை இது?”

குழிக்குப் பின்னால் நின்ற உயரமான கோபுரத்தைக் காட்டினார். “முந்தி இதை உந்தக் கொங்கிறீட் கோபுரத்துக்குள்ளதான் போட்டுப் புளிக்கவைச்சவங்கள், தம்பி. உள்ளுக்கு இறங்கின ரெண்டு பேர் வாயுவில செத்தாப்பிறகுதான் குழி. பூஞ்சணம் பிடிச்சதைத் திண்டா மாடு செத்துப்போகும். அதுதான் ருசி பாக்கிறனான்.”

கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, தன் இடியப்பப் பார்சலில் பாதியை எடுத்து நீட்டினார். எனக்கு நல்ல பசி.

“சாப்பிட்டிட்டன்” என்றேன்.

அவர் பார்சலை மெதுவாக மூடினார்.

“இஞ்ச வாற எல்லாரும் சாப்பிட்டிட்டுத்தான் வருவினம்.”