மழைக்கு முந்தின குளிசை

கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை. அதையொட்டிய சின்ன அறையில் இருந்த முஸ்லிம் டொக்டரம்மாவிடம்தான் எங்கள் தோட்டத்து லயத்துச் சனம் போகும். மழைக்காலம் நெருங்கிவிட்டால் யார் எதற்காகப் போனாலும், காது வலி என்று போனாலும்கூட, அவர் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று இருந்தது.

"சேத்துத் தண்ணியில எறங்கிற வேலையா?"

நான் எந்த வேலையிலும் நிலைத்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் பால் வெட்டினேன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். இரண்டும் சலித்து அக்காள் வீட்டுக்குத் திரும்பியபோது, அவள் புருசன் தோட்ட வேலையை விட்டுவிட்டு மாணிக்கக்கல் குழியில் இறங்கிக்கொண்டிருந்தார். அந்த மச்சான் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். வயலோரத்துக் குழி. பம்பு எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதில் நின்றபடி மண்ணை வெட்டி மேலே அனுப்ப வேண்டும்.

காலில் வெட்டுப்பட்டு டொக்டரம்மாவிடம் போனேன். குழி வேலை என்றதும் கட்டுப் போட்டதோடு விடவில்லை.

"மீ உண வரும் தம்பி," என்றார். எலிக்காய்ச்சலுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சொல்வது அந்தச் சிங்களப் பெயரைத்தான். "எலி மூத்திரம் கலந்த தண்ணி அது. இந்தக் குளிசையக் கிழமைக்கு ஒருக்கா ரெண்டு போடுங்க. சாப்பிட்டுட்டு, நெறையத் தண்ணியோட. மழை முடியிற வரைக்கும் விடாதீங்க. கூட வேலை செய்றவங்களையும் வரச் சொல்லுங்க, ஆளப் பாத்துத்தான் குடுக்கணும். போட்டாச்சு, இனி வராதுன்னும் நெனைக்காதீங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் வலிச்சா, கண்ணு செவந்தா, அன்னைக்கே வந்துருங்க."

குழியில் சொன்னேன். யாரும் போகவில்லை. மழை பலமாகு முன் கல் இருக்கிற மண்ணை எட்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

எங்கள் குழியில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எதையும் தனியாக வாயில் போடக் கூடாது. கல்லை விழுங்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் வெற்றிலை என்றாலும் பிஸ்கட் என்றாலும் பங்குதான். சாயங்காலம் ஏணியேறி வந்ததும் ஒவ்வொருவராக பாஸ் முன்னால் வாயைத் திறந்து காட்டுவோம். பாஸ் என்றால் எங்களை வைத்து வேலை வாங்கும் சிங்களவர். வாயைக் காட்டுவதை யாரும் குறைவாக நினைத்ததில்லை.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் குளிசை உறையைப் பிரித்தேன்.

"மொகத கன்னே?" என்ன தின்கிறாய் என்று பாஸ் கேட்டார்.

விளக்கினேன். எல்லாரும் கையை நீட்டினார்கள்.

"தனியா முழுங்கப் பாத்தியா மாப்ளே?" என்று மச்சான் சிரித்தார். "சாயங்காலம் ஒன் வயித்தக் கீறிப் பாத்துருவாங்க."

உறை கை மாறிப் போனது. ஒரு மழைக்காலத்துக்கு எனக்கென்று தந்தது அந்த ஒரு சாப்பாட்டோடு தீர்ந்தது. ஊசி போட்டுக்கொண்ட மாதிரி, இந்த வருசத்துக்கு இது போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். மறுபடி டொக்டரம்மாவிடம் போக எனக்கும் தோன்றவில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகு மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது. அக்காள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். "அதான் குளிசை போட்டாச்சே," என்று அவர் காய்ச்சலோடேயே குழிக்கு வந்தார். பிறகு ஒரு காலை கீழே கால் ஊன்ற முடியவில்லை. அக்காள் எண்ணெய் தடவக் கெண்டைக்காலைப் பிடித்ததும் அலறிவிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"டொக்டருட்ட போவோம் மச்சான்."

"இன்னைக்கு மண்ணுக் கழுவுற நாளு. நா இல்லாட்டி கல்லு வந்தத எவன் சொல்லுவான்?"

"கல்லப் பாத்துக் கிழிச்சீங்க," என்றாள் அக்காள். "நேத்துலருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். நான் எழுந்து ஆட்டோ பிடிக்கப் போனேன்.

டொக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எத்தனை குளிசை போட்டார் என்று கேட்டார். பங்கு வைத்த கதையைச் சொன்னேன். திட்டவில்லை.

"இங்க வச்சிருக்க ஏலாது. இப்பவே இரத்தினபுரிக்குக் கொண்டு போங்க," என்று துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். வாசலில் என்னை மட்டும் நிறுத்தி, "சோத்தப் பங்கு போடலாம் தம்பி. இதப் பங்கு போட்டா யாருக்கும் ஒதவாது," என்றார்.

பெரியாஸ்பத்திரியில் மச்சானின் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இரத்தத்தைச் சுத்தம் பண்ண மெசினில் போட்டார்கள். பிழைப்பாரா என்று கேட்டால், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அவருடைய சாரத்தையும் சட்டையையும் ஒரு பையில் மடியில் வைத்துக்கொண்டு அக்காள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பேன். அது ஆறிப்போகும்.

பிழைத்தார். வீட்டுக்கு வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. குழிக்குள் இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாஸ் பார்க்க வந்தார். அன்றைக்குக் கழுவிய மண்ணில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். மச்சான் அதை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த மழைக்கு முன்னால் பாஸே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் டொக்டரம்மாவின் வாங்கில் உட்கார வைத்தார். ஒவ்வொருவரையும் பார்த்து, அவரவர் உறையை அவரவர் கையில் டொக்டரம்மா கொடுத்தார். மச்சானுக்கு இப்போது குழிக்கு மேலே நின்று பம்பைப் பார்க்கிற வேலை. திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தண்ணீர்ப் போத்தலோடு ஏணித் தலைப்பில் வந்து நிற்பார்.

"கட்ட அரின்ன," என்பார் மற்றவர்களிடம், சிங்களத்தில். என்னிடம், "வாயத் தொற மாப்ளே. நாக்கத் தூக்கு."

விழுங்கியது நிசம் என்று கண்ட பிறகுதான் ஏணியை விட்டு விலகுவார்.