வலைக்குப் போட்ட பூட்டு

“வலை இல்லாதது இன்னும் மலிவா இருக்குக்கா,” என்றேன். என் கைப்பேசியில், பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் டிராம்போலின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பிரேமலா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“வலை இல்லாம வேணாம். காசு மிச்சம் புடிச்சு கால உடைக்கவா?”

“இது ஆறடி. வலை இருக்கு. ஸ்பிரிங்க மூடறதுக்கு மெத்தையும் இருக்கு.”

“வாங்கினவங்க என்னா சொல்றாங்க? பாராட்டினவங்கள விடு. திட்டினவங்கள மட்டும் படி.”

வலையின் தையல் சீக்கிரம் பிரிந்துவிட்டதாக ஒருவர் மலாயில் எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன்.

“தையல்தானே, அத நான் பாத்துக்குவேன். புள்ள விழுந்துடுச்சுன்னு யாரும் எழுதலயா?”

“இல்லக்கா.”

“விழுந்திருக்கும். எழுதியிருக்க மாட்டாங்க.” வேலிக்கு மேலே எட்டிப் படத்தைப் பார்த்தார். “சரி, அமுக்கு லா. மனசு மாறறதுக்குள்ள.”

அக்கா வளர்க்கும் இரண்டு பிள்ளைகளும் அவருடைய தங்கையின் பிள்ளைகள். லக்ஷ்மனுக்கு எட்டு வயது, சிந்துஜாவுக்கு நான்கு. தங்கையும் அவர் கணவரும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமைதான் மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பாகாட்டுக்கு வருவார்கள். திருமணம் செய்துகொள்ளாத அக்கா பல வருடங்கள் துணித் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்தவர். பிள்ளைகள் வந்ததும் வேலையை விட்டார். இப்போது தொழிற்சாலைச் சட்டைகளை வீட்டுக்கு வாங்கி, நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டிக் கொடுக்கிறார். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எந்நேரமும் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கும்.

அக்காவுக்கு எதைக் கண்டாலும் பயம். திராட்சையை நான்காக வெட்டித்தான் கொடுப்பார். சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார். ஏன் இவ்வளவு பயம் என்று ஒருமுறை கேட்டேன். “எனக்குப் பொறந்ததுன்னா அழுது தீத்துடலாம்மா. இதுங்கள நான் திருப்பிக் குடுக்கணும்,” என்றார்.

டிராம்போலின் வந்ததும் பிள்ளைகளை ஏற விடவில்லை. முதலில் வலையின் தையல் முழுவதையும் தடித்த நூலால் இன்னொரு முறை தைத்தார். பிறகு புல்தரையில், சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று சட்டம் வைத்தார். முதல் வாரமே சட்டம் உடைந்தது. லக்ஷ்மன் குதிக்கும்போது சிந்துஜா உள்ளே நுழைந்தாள். அண்ணனின் முழங்கால் பட்டு உதடு கிழிந்தது.

மறுநாள் வலையின் ஜிப்பில் ஒரு பூட்டு தொங்கியது. எங்கள் வீட்டு வரிசையில் கேட், கிரில், பின்கதவு, சமையல் எரிவாயுத் தோம்பு எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. அதனால் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஒரு பிள்ளையை உள்ளே விட்டுப் பூட்டுவார். சாவி அவர் இடுப்பில் செருகும் வீட்டுச் சாவிக் கொத்தில். மற்றப் பிள்ளை வெளியே நின்று முறை வரும்வரை சிணுங்கும்.

“பெரியம்மா, இது ஜெயிலு,” என்பான் லக்ஷ்மன்.

“ஜெயில்ல யாரும் கால் உடைச்சுக்கிறதில்ல. நில்லு.”

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வானம் திடீரென்று இருண்டது. சிந்துஜா உள்ளே குதித்துக்கொண்டிருந்தாள். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்ததால் அக்கா பின்பக்கம் ஓடினார். மழைக்கு முன்பே காற்று வந்தது. எங்கள் வாசலில் இருந்த பூந்தொட்டி உருண்டது. “பெரியம்மா” என்று லக்ஷ்மன் அலறுவது கேட்டு எட்டிப் பார்த்தேன். டிராம்போலினின் ஒரு பக்கம் தரையை விட்டு எழும்பியிருந்தது. அவன் அதன் காலைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப்போய் இன்னொரு காலைப் பிடித்தேன். இரும்புக் கால் என் கைகளிலிருந்து திமிறியது. எதிரே இருந்த திடலுக்கு மேல் மின்னல் வெட்டியது. சிந்துஜா வலையில் முகத்தைப் பதித்து நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் ஜிப்பை இழுத்தேன். பூட்டு அசையவில்லை.

அக்கா வந்தார். இடுப்பைத் தடவினார். சாவிக் கொத்து சமையலறை மேசையில் இருந்தது. கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தவர் நின்றார், திரும்பினார், கழுத்துக் கயிற்றைப் பிய்த்தார். கத்தரியைத் தையலுக்குள் செருகி வெட்டத் தொடங்கினார். தையல் லேசில் பிரியவில்லை, அப்படித் தைத்திருந்தார். விரல் அகலம் திறந்தது, பிறகு கை அகலம். கடைசியில் பல்லாலும் இழுத்தார். குழந்தை தலைகீழாக அவர் மடியில் விழுந்தாள்.

லக்ஷ்மனையும் இழுத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தும்போதுதான் டிராம்போலின் புரண்டு சுவரில் மோதியது. வலையைத் தாங்கிய கம்பி ஒன்று சுவருக்கும் தரைக்கும் நடுவே வளைந்து கிடந்தது. அக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, சிந்துஜாவின் கை, கால், தலை என்று திரும்பத் திரும்பத் தடவினார்.

மறுநாள் தங்கை வந்ததும் ஒன்று விடாமல் அவரே சொன்னார். தங்கை திட்டவில்லை. “உன்ன நம்பித்தானக்கா விட்டுட்டுப் போறேன்,” என்று மட்டும் சொன்னார். அதைவிட நாலு வசவு வாங்கியிருந்தால் தேவலை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

தங்கையின் கணவர் கம்பியை நிமிர்த்தினார். டிராம்போலின் கால்களைத் தரையோடு பிணைக்க இரும்பு முளைகள் வாங்கி அடித்தார். அக்கா வலையை மறுபடி தைத்தார். இப்போது நாற்காலி போட்டு அங்கேயே உட்காருகிறார். வானம் கறுத்தால் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார். பிள்ளைகள் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தோள்கள் எழும்பி இறங்குகின்றன.

முளை அடித்த அன்று மாலை வேலியருகே என்னைக் கூப்பிட்டார். கையில் அந்தப் பூட்டும் சாவியும் இருந்தன.

“இத உங்க வீட்ல வச்சுக்கம்மா. என்னிக்காவது ரொம்ப பயம் வந்து நான் கேப்பேன். அழுது கேட்டாலும் குடுக்காத.”