வீட்டு அணி என்றால் கையை அமத்துங்கோ

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் அண்ணை. அவருக்கு இடப்பக்கம், கையைப் பிடித்தபடி அவருடைய மகள். யன்னலோரக் கதிரையில், மடியில் கொப்பியும் பேனையுமாக அக்கா, அண்ணையின் மனைவி. கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு பிலிப்பைன்ஸ்காரத் தாதி. கால்மாட்டில் தாளோடு நான். மூச்சு மெசினையும் சேர்த்தால் ஆறு என்று சொல்லலாம். அந்த அறையில் நிறுத்தாமல் கதைத்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. வெளியே ஸ்காபரோ முழுக்கப் பனி. மெசினை நிற்பாட்டுவதா, ஓடவிடுவதா என்று வெள்ளிக்கிழமை காலை அக்கா சொல்லவேண்டும். அண்ணை விழுந்து அன்று பதினேழாம் நாள்.

மில்லிக்கனில் யன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நானும் அவரும் பதினெட்டு வருடம் ஒரே லைனில் நின்றோம். அவர் லைனைப் பார்க்கிற லீட் ஹாண்ட். நான் கண்ணாடிக்கு ரப்பர் பூட்டுகிறவன். நாங்கள் அண்ணை என்று கூப்பிட, சீனாக்காரரும் கயானாக்காரரும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. அவருக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எட்டுப் பேர் இருந்த அறையில் ஒரு பழைய ரீவி இருந்ததாம். அதன் கம்பியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏரிக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க ஊரான பஃபலோதான் தெரிந்ததாம். தேங்காய் மாதிரி ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர் ஏன் இடிபடுகிறார்கள் என்று பார்க்க இருந்தவர் பிறகு எழும்பவேயில்லை. எங்கள் ஆட்கள் கிரிக்கெட் கதைக்கும் இடத்தில் அவர் தனியாக இதைக் கதைத்துக்கொண்டிருந்தார். கேட்க ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்தார். எனக்குக் கதைக்க வராது. கேட்க வரும். அப்படித்தான் பொருந்தியது.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கிழமை நடக்கப்போகும் ஆட்டங்களை ஒரு தாளில் எழுதி, சாப்பாட்டு அறைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவார். யார் வெல்வார்கள் என்று எல்லோரும் எழுதவேண்டும். ஆகக் குறையச் சரியாகச் சொன்னவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கி வரவேண்டும். முக்கால்வாசி வெள்ளிக்கிழமைகளில் நான்தான் வாங்கினேன். இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் தாள் ஒட்டப்படுகிறது. நான்தான் ஒட்டுகிறேன். நாலு பேர் எழுதுகிறார்கள். ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை.

அண்ணை சண்டை பிடிப்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது. கூரை போட்ட மைதானம் வைத்திருக்கும் அணிகளை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "உது விளையாட்டே? கலியாண ஹோலுக்கை ஓடிப் பிடிக்கிறாங்கள். மழை தெரியாது, காத்துத் தெரியாது. உவங்களை நம்பி நான் பேனை தூக்கமாட்டன்" என்பார். வெயில் ஊர் அணி மார்கழியில் வடக்கே வந்தால் தோற்கும் என்பார். கடைசி உதையில் தோற்ற அணி அடுத்த கிழமை வெல்லும், வெட்கம் தள்ளிக்கொண்டு போகும் என்பார். பஃபலோ எங்கே போனாலும் பஃபலோதான் வெல்லும். அதில் ஞாயம் கேட்கக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய கருத்து ஒன்று இருந்தது. "பந்தோடை ஓடுறவனைப் பாக்காதை தம்பி. அவனை ரீவி பாக்கும். முன்னுக்கு அஞ்சு பேர் குனிஞ்சு நிக்கிறாங்கள், பந்தைத் தொடவே மாட்டாங்கள், அவங்களைப் பார். அவங்கள் ஒரு அடி பின்னுக்கு வந்தா ஆட்டம் முடிஞ்சுது." பதினெட்டு வருடமாகப் பந்தைத் தொடாத அந்த ஐந்து பேரைத்தான் நான் பார்த்து வருகிறேன். ஆட்டத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

விழுந்தது ஒரு திங்கட்கிழமை, பத்து மணி இடைவேளை முடிந்த கையோடு. முதல்நாள் பஃபலோ கடைசி உதை பிழைத்துத் தோற்றிருந்தது. "உதைக்கிறவனிலை பிழையில்லை தம்பி. பந்தைப் பிடிச்சு நிலத்திலை வைக்கிறான் ஒருத்தன், அவன்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். கண்ணாடி அடுக்கும் ராக்கையில் சாய்ந்தார். சரிந்து கீழே இருந்தார். பிறகு படுத்தார். நான் சிரித்தேன். பஃபலோ தோற்ற திங்கட்கிழமைகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து காட்டுவது அவருடைய பழக்கம். எத்தனையோ தரம் செய்திருக்கிறார். கயானாக்காரர் ஒருமுறை பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "எழும்புங்கோ அண்ணை, வாற கிழமை பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த கண்ணாடிக்கு ரப்பர் பூட்டினேன். முழுக்கப் பூட்டி முடித்தேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கண்ணாடிக்கு ரப்பர் பூட்ட ஒன்றரை நிமிடம் எடுக்கும். இதயம் நின்று மூளைக்கு இரத்தம் போகாமல் இருந்த நேரத்தை வைத்தியர் பிறகு நிமிடக் கணக்கில் சொன்னார். அதில் ஒன்றரை என்னுடையது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. இதை அவர் வாசித்தால் இப்போதுதான் அறிவார்.

வேலை முடிய ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய இடக்கை விரல்கள் சில வேளை மடங்கும். அக்கா அந்தக் கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டே இருப்பார். "என்ரை கையை அமத்துறார் தம்பி. நான் கதைக்க அமத்துறார்" என்பார். மகளுக்கு வேறு எண்ணம். அவள் இங்கே பிறந்தவள், ஸ்ரௌவ்வில் என்ற தூரத்து ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து காலையில் தாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய், திரும்ப வந்து ஏற்றுவாள். "அப்பா சஃபர் பண்ணுறார், அங்கிள். அம்மாவுக்கு விளங்குதில்லை" என்று கார் நிறுத்துமிடத்தில் வைத்து என்னிடம் சொன்னாள். இடையில் பஃபலோ இரண்டு முறை வென்றது. இரண்டு முறையும் கட்டிலடியில் நின்று சொன்னேன். மெசின் மூச்சு விட்டது.

விரல் மடங்குவது உண்மை என்று வைத்தியர் சொன்னார். இளம் பெண். பொறுமையானவர். கேட்டு மடங்குகிறதா, தானாக மடங்குகிறதா என்பதுதான் தெரியவேண்டும் என்றார். தானாகத்தான் என்பது அவருடைய முடிவு. அப்போது நான் வாயைத் திறந்தேன். அண்ணைக்குக் கேட்கிறதென்றால் ஃபுட்போலுக்கு மறுமொழி சொல்வார் என்றேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். முதலே எழுதி வைக்கிறேன், பிறகு கேட்போம் என்றேன். என் இங்கிலீசை மகள் திருத்திச் சொன்னாள். வைத்தியர் சிரிக்கவில்லை. எத்தனை ஆட்டம் என்று கேட்டார். அந்தக் கிழமை பதினாறு. ஒன்றும் விளங்காத கையும் பதினாறில் எட்டுச் சரி சொல்லும், நாணயத்தைச் சுண்டினாலும் எட்டு வரும் என்றார். பதின்மூன்று வந்தால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பேச்சை விட்டுவிட்டுத் தானே முதலிலிருந்து பரிசோதிப்பதாகச் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கும் அது விளங்கியது.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் இருந்து எழுதினேன். பஃபலோ: பஃபலோ. வெயில் ஊர் மயாமி வடக்கே கிறீன் பேக்குப் போகிறது: கிறீன் பே, பனியில் மற்றவர்கள் கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்பார்கள். டலஸ் வீட்டில் விளையாடுகிறது: கூரை, ஆகவே வருகிறவர்கள் யாரோ அவர்கள். டெட்ராயிட்டில் கை நின்றது. அதுவும் கூரைதான். ஆனால் அவர்களுடைய முன்வரிசை ஐந்து பேரில் அண்ணைக்கு ஓர் ஆசை. கூரையை மன்னிப்பாரா? இடைவேளை முடிந்து மணி அடித்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். மன்னிப்பார். "கூரை போட்டவன் வேறை, கீழை நிக்கிறவன் வேறை" என்பார். டெட்ராயிட் என்று எழுதினேன். பதினாறும் எழுதி முடித்தபோது ஒன்று தெரிந்தது. எனக்கென்று ஒரு கருத்தும் இல்லை. இத்தனை வருடம் ரோல்ஸ் வாங்கியது, அவருக்கு மாறாக எதையாவது எழுதவேண்டும் என்றே எழுதியதால்.

கையை நான்தான் பிடிப்பேன் என்று நினைத்து, புதன்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அன்று வேலைக்குப் போகாமல் நின்ற மகள் விடவில்லை. "நீங்கள் ஹோல்ட் பண்ணக்கூடாது, அங்கிள். உங்களுக்கு ஆன்ஸர் தெரியும். தெரியாமலே நீங்கள் அமத்திப்போடுவீங்கள். எனக்கு ஃபுட்போலிலை ஒண்டும் தெரியாது, நான் பிடிக்கிறன்" என்றாள். சரியான கதை. தாயைப் பிடிக்க விடாததற்கும் அதுதான் காரணம் என்று எனக்கு விளங்கியது. நான் ஆட்டத்தைச் சொல்லவேண்டும். வீட்டு அணி, அதாவது சொந்த மைதானத்தில் விளையாடுகிற அணி, வெல்லும் என்றால் கையை அமத்தவேண்டும், வருகிற அணி என்றால் சும்மா இருக்கவேண்டும். தாதி கைக்கடிகாரத்தில் பத்து செக்கன் பார்ப்பார். அக்கா எழுதுவார்.

"அண்ணை, நான்தான். செவ்வாய்க்கிழமைத் தாள். ஒரு நாள் பிந்திப்போச்சு" என்றேன். "முதலாவது. கன்சாஸ் சிற்றி பஃபலோவுக்கு வருது. வீட்டு அணி எண்டா கையை அமத்துங்கோ."

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம்.

"ஓம்" என்றாள் மகள். அவளுடைய குரல் மாறியிருந்தது.

"நான் சொன்னனான்தானே" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுதினார்.

இரண்டாவது சிகாகோ. வீட்டு அணி. அமத்தினார். மூன்றாவது டலஸ். பத்து செக்கன் போனது. மகள் தலையை ஆட்டினாள், இல்லை. கூரைக்கு அவர் கை கொடுக்கவில்லை. நாலாவதும் என் தாளில் இருந்ததுதான். தாதி கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு உள்ளே இரண்டு அடி வந்தார். பதினெட்டு வருடத்தில் அந்த மனிதரை நான் தொட்டது குறைவு. அந்த நேரம் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போர்வைக்கு மேலால்.

ஐந்தாவது ஹூஸ்ரன். கூரை. மகள் ஓம் என்றாள். ஆறாவது, மயாமி கிறீன் பேக்கு வருகிறது. கை அசையவில்லை. மார்கழிப் பனியில் மயாமி வெல்லும் என்று அண்ணை சொல்கிறார். நான் பொறுக்காமல், "அண்ணை, மயாமி. பனிக்கை. வடிவாக் கேளுங்கோ" என்றேன். "அங்கிள், திருப்பிக் கேக்கக்கூடாது" என்றாள் மகள். ஏழாவது சரி. எட்டாவது பிழை. ஒன்பதாவது பிழை. நான் முகத்தை மாற்றவில்லை. அக்கா என் முகத்தைத்தான் பார்த்துப் பார்த்து எழுதினார். பன்னிரண்டாவது டெட்ராயிட். மகள் குனிந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தாள். "தெரியேல்லை அங்கிள். இருக்கலாம்" என்றாள். "அது அமத்தினதுதான், எழுதுவன்" என்றார் அக்கா. "அம்மா" என்றாள் மகள். அக்கா கேள்விக்குறி போட்டார்.

பதினாறும் முடிய, கொப்பித் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு வெளியே லிஃப்ற் அடியில் இருந்த கதிரைக்குப் போனேன். இரண்டு தாளையும் தொடையில் வைத்துப் பார்த்தேன். கேள்விக்குறியையும் சரியென்று எடுத்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன். மூன்றாம் முறை கீழிருந்து மேலே எண்ணினேன். மனம் என்னவெல்லாமோ சொன்னது. பதினேழு நாள் படுத்த மனிதருக்குக் கருத்து மாறாதா என்றது. முதல் நாலும் கேட்டுத்தான் சொன்னார், பிறகு களைத்துவிட்டார் என்றது. ஆனால் ஹூஸ்ரனுக்குக் கை கொடுத்தது அண்ணை என்றால், மயாமியைப் பனியில் நம்பியது அண்ணை என்றால், எனக்குத் தெரிந்த அண்ணை அங்கே இல்லை. கேட்டு மடங்கியது என்றாலும், தானாக மடங்கியது என்றாலும், அவர் இல்லை.

பதின்மூன்று என்று சொல்லலாம். அக்காவுக்கு டலசும் டென்வரும் ஒன்று. என் எழுத்தை என்னைத் தவிர ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். வைத்தியர் வருவார், முதலிலிருந்து பார்ப்பார், ஒரு கிழமை போகும், சில வேளை இரண்டு. மெசின் ஓடும். அந்த இரண்டு கிழமையை யாருக்காகக் கேட்கிறேன் என்று யோசித்தேன். அண்ணைக்காக இல்லை. அக்காவுக்காகவும் இல்லை. ரப்பர் பூட்டிய அந்த ஒன்றரை நிமிடத்தைத் தள்ளிவைக்க எனக்குத்தான் அது வேண்டியிருந்தது. அதற்காக அவர் குழாயோடு கிடக்கவேண்டும், பிள்ளை காலையும் பின்னேரமும் கார் ஓடவேண்டும்.

கதவு திறந்தது. அக்கா தனியாக வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். கோட்டைத் தோளில் போட்டிருந்தார். என் கையில் இருந்த தாளைப் பார்க்கவில்லை.

"அவள் உள்ளை நிக்கிறாள். அவளுக்கு முன்னாலை கேக்க ஏலாமல் இருந்தது" என்றார். "எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் தெரியாது, தம்பி. நீர் சொல்லுறதைத்தான் நான் நாளண்டைக்கு அவையிட்டைச் சொல்லப்போறன். எத்தனை?"

"எட்டு."