காலி முகவரியில் துடித்தது

நம்பினால் நம்புங்கள். பள்ளிக்கரணையில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஜோசலினுக்கு நிஜமாகவே நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மணி 2:17. ஆபீசில் அவள் மட்டும். மேஜைமேல் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மானிட்டர். நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் பெட்டி. சென்சார் ஒயர் கழன்றால் அப்படியே உறைந்துபோகிறது என்று புகார்.

தப்பு எங்கே என்று ஜோசலின் பிடித்துவிட்டாள். ஒயர் கழன்ற பிறகும் பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னல், சென்சாரைத் தேடி மெமரியின் பூஜ்ய முகவரிக்குப் போகிறது. அங்கே எதுவும் இருக்காது. இருக்கவும் கூடாது. போகுமுன் 'அங்கே ஏதாவது இருக்கிறதா' என்று பார்க்கும் ஒரு வரி, புரோகிராம் கோடில் இல்லை. காலி இடத்தைக் காட்டும் இந்த முகவரிக்கு நல் பாயின்டர் என்று பெயர். அவ்வளவுதான்.

உறைவதைக் கண்ணால் பார்த்துவிட ஒயரைப் பிடுங்கினாள்.

உறையவில்லை.

88 என்று காட்டியது. மேலே ஒரு பெயர். காமு.

டீம் லீட் தட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டாள்.

"சார், ஒயரே இல்ல... ஹார்ட் பீட் காட்டுது. காமுன்னு பேரு வருது."

"பழைய டேட்டாவா இருக்கும்மா."

"எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் சார் ஆரம்பிச்சேன்."

"சரி, பவரை ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரியையும் கழற்றினாள்.

திரை அணையவில்லை.

61... 54...

ஸ்ஸ்ஸ்ஸ்...

மேஜையில் கிடந்த, ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பிபி பட்டை தானாக உப்பியது. வெறும் பட்டை. ஆனால் உள்ளே ஓர் ஒல்லிக் கை இருப்பதுபோல வளைந்து இறுகியது.

"யாரு?"

அவளுடைய இடது கையை ஏதோ பிடித்தது.

விரல்கள். சில்லென்று.

அழுத்தியது... இன்னும் அழுத்தியது...

40... 22...

கையை உதறினாள். பிடி விடவில்லை.

2:41.

0.

பிடி விட்டது. திரை இருண்டது. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

திங்கட்கிழமை தட்சிணாமூர்த்தி அந்த ஆஸ்பத்திரிக்குப் பேசினார். புகாரில் எழுதாத ஒன்றை அப்போதுதான் சொன்னார்கள். அந்த மானிட்டர் உறைந்து, அலாரம் அடிக்காமல், ஓர் அம்மாள் இறந்திருக்கிறார். பெயர் காமு. மதியம் 2:41.

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும், கோடின் பழைய பதிவுகளை ஜோசலின் திறந்தாள். 'அங்கே ஏதாவது இருக்கிறதா' என்று பார்க்கும் அந்த வரி முதலில் இருந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ நீக்கியிருக்கிறார்கள். காரணம்: 'தேவையில்லை'.

நீக்கியவர் பெயர்... ஜோசலின்.