நடுங்காத கை

லெட்சுமணன் அண்ணனின் கை நடுங்கவில்லை. ஒருநாளும் நடுங்கியதில்லை. நடுங்குகிறது என்று அவரை நம்ப வைத்தவன் நான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டியதில்லை.

கிள்ளானில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து வெட்டுவது என் வேலை. முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. கண்ணைத் துணியின் மேலேயே வைத்திருப்பேன். ஒருநாள் சட்டைத் துணி வாங்க வந்த லெட்சுமணன் அண்ணன், எனக்குத் தெரியாமல் என்னைப் படம் பிடித்துவிட்டார். அடுத்த வாரம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். கத்தரிக்கோலும் கையுமாக, வாசல் வெளிச்சத்தில்... அது நானா! அப்படி ஒரு கம்பீரம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அவர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். சாம்பல் நிறத்தில் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்று வைத்திருந்தார். மாதம் ஒரு சனிக்கிழமை அதில் புறப்பட்டு, எங்காவது ஓரிரவு தங்கி, படம் எடுத்துத் திரும்புவோம். கூட வருபவன் கோபால். செராஸில் ஒரு பட்டறையில் மெக்கானிக். அந்தக் காருக்கு உயிர் கொடுத்தவன், வாய் ஓயாதவன்.

அண்ணன் படம் எடுப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒருமுறை பத்துமலைக் கோயிலில் எல்லாரும் குகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் திரும்பி நின்று படிக்கட்டைப் பார்த்தார். ஏறி வந்து மூச்சு வாங்கிய ஒருவர், மனைவியின் முந்தானையை இழுத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கல்லில் செதுக்கியது போன்ற கை.

அவருடைய கேமராவில் தூரத்தை அளந்து, லென்ஸ் வளையத்தில் அந்த எண்ணை வைக்க வேண்டும். தவறினால் படம் கலங்கிவிடும். தூரம் சொல்வது என் வேலை. துணி அளக்கும் கண் அதற்கு உதவியது. வளையத்தைத் திருப்புவது அவர். பிறகு அந்தச் சிறிய எண்கள் அவருக்குத் தெரியாத காலம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் கேமராவை என்னிடம் நீட்டினார். நானும் ஒன்றும் கேட்காமல் எண்ணை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அதுவே வழக்கமாயிற்று. நான் கேமராவைத் துடைத்துக் கொடுக்கிறேன் என்று கோபால் நினைத்திருந்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. ரவாங் ஊரைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். எதிர்வெயில். அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில், கோபால் பின்னால் தூங்கிவிட்டான். ஒரு பெண் சைக்கிளில் சாலையைக் கடந்தாள். அண்ணன் வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன்... அவள் சைக்கிளோடு புல்லில் சாய்ந்தாள். கார் ஒரு சாண் இடைவெளியில் கடந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சொன்னார்: "இன்னைக்கி ரோடு காலியா இருக்குலா."

அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அண்ணே, நிறுத்துங்க. உங்களுக்குக் கண்ணு தெரியல." அவ்வளவுதான். அந்த இரண்டு வரி எனக்கு வரவில்லை. என்னை மனிதனாகக் காட்டியவரிடம் அதை எப்படிச் சொல்வேன்? படங்கள் கெட்டுப்போனால் அவரே புரிந்துகொள்வார், கண்ணைக் காட்டப் போவார், ஸ்டியரிங்கை விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்து நின்ற இடத்தில் அவர் கேமராவை நீட்டினார். வளையத்தை மூன்றடியில் வைத்துக் கொடுத்தேன். எதிரே இருந்தவை தூரத்துத் தோட்ட வீடுகள். அன்று முழுவதும், மறுநாளும், மூன்றடியிலேயே விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் படங்களைப் பிரித்தோம். எல்லாம் பனிமூட்டம்.

"அண்ணே, இதுல நான் நல்லா சிவப்பா இருக்கேன்," என்றான் கோபால். "பொண்ணு வீட்டுக்கு இதையே அனுப்பலாம். மூஞ்சி தெரியாது, ஒத்துக்குவாங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. படத்தைக் கிட்டே வைத்தார், எட்ட வைத்தார். தூரம் தவறிய கலங்கலுக்கும் கை நடுங்கிய கலங்கலுக்கும் வித்தியாசம் ஒரே பார்வையில் சொல்லக்கூடிய கண் அவருடையது. அந்தக் கண்தான் இப்போது அவரிடம் இல்லை. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"நம்பர் சரியா வச்சியாடா?"

இங்கேதான்... இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும்!

"வச்சேன் அண்ணே."

"நீ வச்சா தப்பாது." சிறிது நேரம் தன் வலக்கையையே பார்த்தார். "கண்ணு போறது தெரியும்டா. கையும் போயிடுச்சு."

கார்ச் சாவியை என் முன் வைத்தார். கை நடுங்குபவன் வண்டி ஓட்டக் கூடாது, கேமராவும் தொடக் கூடாது என்றார். கடை வேனை ஓட்டும் உனக்குத்தான் உரிமம் இருக்கிறதே, காரை நீயே வைத்துக்கொள் என்றார். கோபால் அப்போதுதான் வாயை மூடினான்.

சாவியை எடுத்தபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. மறைக்க மாட்டேன். அந்த ஸ்டியரிங்கை எத்தனை நாள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்! அந்தப் பெண்ணுக்காகச் செய்தேனா, இதற்காகச் செய்தேனா? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருகிறது.

சில ஆண்டுகள் கழித்து மகள் வற்புறுத்தி அவருக்குக் கண் புரை எடுத்தார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது. பேருந்து எண்ணை என்னைவிட முன்னதாகப் படிக்கிறார். "திரும்பப் படம் எடுங்கண்ணே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "கண்ணு வந்துச்சு, கை வரலியேடா," என்றார். அந்தக் கலங்கிய படங்களையாவது எடுத்துப் பார்ப்பார், புதுக் கண்ணுக்கு உண்மை தெரிந்துவிடும் என்று பயந்தேன்... ஆசையும் பட்டேன். அவற்றை அன்றே கிழித்துப் போட்டுவிட்டாராம்.

இன்றும் ஞாயிறு காலையில் அந்தக் காரில் அவரை அழைத்துப் போகிறேன். ஓரிடத்தில், "கொஞ்சம் நிறுத்துடா," என்பார். நிறுத்துவேன். மரத்தடியில் யாரோ, ஏதோ வெளிச்சம். பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, "போலாம்," என்பார்.

தேநீர் குடிக்க அதே கடையில் உட்காருவோம். சிந்திவிடுமோ என்று கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்குகிறார். நான் எதிரில் உட்கார்ந்து அதையே பார்க்கிறேன். கிளாஸின் விளிம்புவரை தேநீர். ஓர் அலைகூட எழுவதில்லை.